சைன்வெல் தோராவை மறித்த சனிக்கிழமை

போலந்தில் யூதர்கள் நிறைந்த எங்கள் ஊரில் சைன்வெலைத் தீர்மானம் என்றுதான் கூப்பிடுவார்கள். தீர்மானம் வருகிறான், ஸ்டூலை எடுத்து உள்ளே வை என்பார்கள். ஸ்டூல் கண்ணில் பட்டால் பேச ஏறிவிடுவான், ஏறினால் இறங்கமாட்டான். அவன் கல்யாணமே ஒரு தீர்மானம்தான். சந்தையில் உப்புமீன் விற்றுக்கொண்டிருந்த ஹிண்டேயிடம் போய், நாம் இருவரும் சேர்ந்து வாழ்வதென முன்மொழிகிறேன் என்றிருக்கிறான். அவள் மீனைத் தாளில் சுற்றியபடியே, வழிமொழிய ஆள் கூட்டிட்டு வந்தியா என்று கேட்டாளாம்.

நானும் அவனும் எலியாக்கீம் முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் ஒரே சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர்கள். மாட்டுத்தோலைக் குழியில் ஊறப்போட்டுக் கழியால் புரட்டி, மேலே இழுத்து மயிர் வழிக்க வேண்டும். முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீர். காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்வோம். அரை நாளில் சாக்கு கரையும், அதற்கப்புறம் கால் கரையும். எங்களில் கால் விரல்களில் நகம் இருப்பவன் புது ஆள் என்று அர்த்தம். தெருவில் நடந்தால் நாய்கள் மரியாதையாகப் பின்னால் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தி நாலாம் வருஷம் பஸ்கா பண்டிகை முடிந்த கையோடு வேலைநிறுத்தம் தொடங்கினோம். குழியில் இறங்குகிறவனுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும், அரசாங்கம் சட்டமே போட்டுவிட்ட எட்டு மணி நேர வேலை எங்களுக்கும் வேண்டும், நோய் பிடித்த தோலைத் தொட்டுக் கழுத்தில் கரும்புண் வந்து படுத்திருக்கும் எங்கள் குழி ஆள் யூதலுக்கு முதலாளி வைத்தியச் செலவு தர வேண்டும். வேலைநிறுத்தம் செய்த எவனையும் வெளியே தள்ளக்கூடாது என்பதைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டோம். எலியாக்கீம் எதற்கும் அசையவில்லை. கோடை வந்துவிட்டது. அடகுக்கடையில் எங்கள் வீட்டு டீ கொதிக்கிற சமோவார்கள் வரிசையாக நின்றன. வீட்டில் உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்றோம். தோல் நம்மை விடாது போலிருக்கு என்று சைன்வெலே சொல்லிச் சிரித்தான்.

அந்த வாரம் முதலாளி கதவில் ஒரு தாளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சங்கு ஊதும்போது உள்ளே வராதவனுக்கு அப்புறம் இடமில்லை, பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வண்டியில் வருகிறார்கள். அந்த ஆட்களும் எங்களைப் போலப் பட்டினி கிடப்பவர்கள்தான், கட்டாயம் வருவார்கள். எங்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஊருக்கு வெளியே பிர்ச் மரக்காட்டில் எங்கள் புரட்சிக் கட்சியின் கிளை கூடியது. கட்சிக்குத் தடை இருந்ததால் கொசுக்கடியில்தான் கூட்டம். மொத்தம் ஏழு பேர். ஹிண்டேயையும் சேர்த்தால் எட்டு, ஆனால் அவள் உறுப்பினர் இல்லை, புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். சைன்வெல் நிலைமை குறித்து ஓர் அறிக்கை வாசித்தான். வாசித்து முடிந்ததும், சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். அது அறிக்கையில் இல்லை.

ஹிண்டேதான் சொன்னாள், தோராவை மறியுங்கள் என்று.

எங்கள் ஆட்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அநியாயம் நடந்து கேட்க நாதியில்லாதவன், சனிக்கிழமை ஜெபக்கூடத்தில் எங்கள் வேதமான தோராவின் சுருளை வெளியே எடுத்து விரித்ததும் மேடையேறி மேசையைத் தட்டலாம். தட்டிவிட்டால் வாசிப்பு நின்றுவிடும். அவன் குறையைக் கேட்டு, அவன் வாயாலேயே சரி என்று சொல்லும்வரை தொடரக்கூடாது. வாசிப்பு முடியாமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. விதவைகள் செய்திருக்கிறார்கள், ஏமாற்றப்பட்ட வேலைக்காரப் பெண்கள் செய்திருக்கிறார்கள். அதிலும் இந்தச் சனிக்கிழமை எலியாக்கீமின் வருங்காலச் சம்பந்தி, குரோத்னோவிலிருந்து மர வியாபாரி, பெண் பார்க்க வந்து அவர் வீட்டில் தங்கியிருக்கிறார். கிழக்குச் சுவர் ஓரம் பெரிய மனிதர்கள் வரிசையில் இருவரும் அருகருகே உட்காருவார்கள். சம்பந்தி காதில் விழ நாலு வார்த்தை பேசினால் போதும், மனுஷன் மானத்துக்கு அஞ்சி இறங்கி வருவான் என்றாள்.

சைன்வெல் முகம் வெளுத்துவிட்டது. காரணம் கடவுள் இல்லை, அவரை அவன் எப்போதோ தீர்த்துக் கட்டிவிட்டான். உபவாச நாளில் சந்தை நடுவே நின்று சாசேஜ் தின்றவன். காரணம், கட்சி உறுப்பினர் எவரும் ஜெபக்கூடத்தின் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று போன குளிர்காலத்தில் நிறைவேறிய தீர்மானம். அதைக் கொண்டுவந்தது அவன்தான்.

"நான் கொண்டு வந்ததை நானே மீறட்டுமா?" என்றான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை உன் தீர்மானத்தை அவிச்சுத் தின்னு" என்றாள் ஹிண்டே.

கடைசியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தான்: எதிர்ப்பதற்காக மட்டும் மிதிக்கலாம். ஏழு கைகளும் எழுந்தன. பேச்சு எத்தனை நேரம் என்று அவன் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கால் மணி போதும் என்றாள் ஹிண்டே. கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டான். ஊரே இருக்கும் என்றேன். ஸ்டூலில் ஏறினாலும் காட்டில் கூடினாலும், கொசுவைத் தவிர ஏழு பேருக்கு மேல் கேட்க ஆள் கண்டிராதவன். ஊரே என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டான். கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் என் கோட்டைப் பிடித்து இழு, குரலை உயர்த்துகிறேன் என்று என்னிடம் ஏற்பாடு செய்துகொண்டான்.

சனிக்கிழமை வந்தது. தோல்காரர்கள் வழக்கமாக நிற்கும் கதவோரம், அடுப்புக்குப் பின்னால் நின்றோம். எங்கள் வாடைக்கு ஒதுக்கிய இடம் அது. சுருளை எடுத்துவந்து மேசையில் விரித்தார்கள். வாசிக்கிறவர் தொண்டையைச் செருமினார். சைன்வெல் பாதையைப் பிளந்துகொண்டு போய் மேடையில் ஏறி, மேசையை ஓங்கித் தட்டினான். சுண்ணாம்பு தின்ற கை, பலகை போலச் சத்தம் கேட்டது. நான் மேடைப் படியில் நின்றுகொண்டேன், எவனாவது அவனைப் பிடித்து இழுத்தால் தடுப்பதற்கு.

ஜெபக்கூடம் சட்டென்று அடங்கியது. சாசேஜ் சைன்வெல் தோராப் பக்கத்தில் நிற்கிறான் என்றால் இடி விழும் என்று சிலர் கூரையைப் பார்த்தார்கள். விழவில்லை. ஊழியக்காரர் இச்சே சுருளின் மேல் துணியைப் போட்டு மூடினார். மறித்தாயிற்று.

அவன் அன்று தொடக்கத்தில் பேசியதை நான் இன்றுவரை குறை சொல்லமாட்டேன். யூதலின் கழுத்தைப் பற்றிச் சொன்னான். யூதலின் மனைவி புருஷனுக்குத் தலையணை திருப்புவதைச் சொன்னான். தன் ஷூவைக் கழற்றி, காலைத் தூக்கி மேடைக் கம்பியில் வைத்துக் காட்டினான். மேலே மாடியில் மரச்சல்லடைத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது. அரிசி வியாபாரிகூடக் கண்ணைத் துடைத்தான். எல்லார் முகமும் கிழக்குச் சுவர் பக்கம் திரும்பியது. குரோத்னோ சம்பந்தி மெல்ல எலியாக்கீம் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். எலியாக்கீமின் காது சிவந்தது.

எலியாக்கீம் எழுந்து நின்றார். முதலாளியே ஆனாலும் சாஸ்திரம் தெரிந்த மனிதர். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், ஓய்வுநாளில் கூலிப் பேச்சு, வியாபாரப் பேச்சு கூடாது. ஆனால் ஏழைக்குத் தர்மம் வாக்களிக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆகவே பக்கத்தில் இருந்த மதகுரு ரபிக்கும் சம்பந்திக்கும் கேட்கும்படி, கையை மார்பில் வைத்துச் சொன்னார்: பூட்ஸ், எட்டு மணி நேரம், யூதலின் வைத்தியம், எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்வது, அத்தனையும் தருகிறேன், தர்மமாகத் தருகிறேன். சம்பந்தி மெச்சித் தலையாட்டினார். முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

கேட்காதவன் ஒருவன்தான். அவன் பேசிக்கொண்டிருந்தான்.

இச்சே ஓடிவந்து மேடையில் ஏறி, முதலாளி சரி என்றுவிட்டார் என்று அவன் முழங்கையைத் தொட்டார்.

"கேள்விகளெல்லாம் கடைசியில, தோழரே" என்றான் சைன்வெல், திரும்பிப் பார்க்காமல்.

நான் பதறிப்போய் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் குரலை உயர்த்தினான். பலமாக இழுத்தேன். இன்னும் உயர்த்தினான். வெளியே காவலுக்கு நின்ற போலிஷ் போலீஸ்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஜெபம் நடக்கிறது என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஆதிமனிதனில் தொடங்கினான். ஆதியில் முதலாளி இல்லை, வேட்டையாடியதைப் பங்கிட்டுத் தின்றார்கள் என்றான். தின்றார்கள் என்ற சொல்தான் கெடுத்தது. ஜெபக்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டித்தான் ரொட்டிக்கடை. ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாதென்று, வெள்ளிக்கிழமையே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரை, பார்லி, உருளைக்கிழங்கு, கிடைத்தால் ஓர் எலும்பு போட்ட சட்டியைக் கொண்டுபோய் அந்த அடுப்புக்குள் வைத்துக் களிமண்ணால் வாயை மூடிவிடுவார்கள். மறுநாள் ஜெபம் முடிந்ததும் எடுத்துப்போய்ச் சூடாகச் சாப்பிடுவது. அந்த வாசனை இப்போது ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் மூக்கை உயர்த்தி, ஒவ்வொரு சட்டியாக எது வற்றுகிறது என்று மோப்பம் பிடித்துப் பக்கத்தில் உள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிலாளி பக்கம் சாய்ந்திருந்த ஊர், கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டிப் பக்கம் சாய்ந்தது.

சைன்வெல் அடிமைச் சமுதாயத்துக்கு வந்தபோது சம்பந்தி தூங்கிவிட்டார்.

எலியாக்கீம் அதைக் கவனித்தார். யாருக்காக வெட்கப்பட்டாரோ அவர் வாயைத் திறந்து குறட்டை விடுகிறார். முதலாளி உட்கார்ந்து தாடியை நீவினார். பிறகு இச்சேயைக் கூப்பிட்டார். இச்சே என்னிடம் வந்து, பூட்ஸ் கிடையாதாம் என்றார். நான் கோட்டை இழுத்தேன். சைன்வெல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிலப்பிரபுக்களைச் சாடத் தொடங்கினான்.

அப்போதாவது நிறுத்தியிருப்பான். ஆனால் போகிற போக்கில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தாம் வருஷ ரஷ்யப் புரட்சியைக் கவிழ்த்தவர்கள் புந்துக்காரர்கள்தான் என்று ஒரு வரி சொல்லிவிட்டான். புந்து என்பது எங்களுக்குப் போட்டியான யூதத் தொழிலாளர் கட்சி. நாங்கள் முதலாளியிடம் பேசாத நேரமெல்லாம் அவர்களோடு சண்டை போடுவோம். ஊரில் புந்துக்காரர் என்றால் தையல்காரர் நோசன்தான். அவரும் ஜெபத்துக்கு வராதவர். யார் சொல்லியோ வேடிக்கை பார்க்க வந்து தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். தூண் மறைவிலிருந்து வெளியே வந்தார்.

"ஐந்தாம் வருஷம் உனக்கு மூக்குல சளி ஓடிட்டிருந்துது. நீ கண்டியா?"

சைன்வெல் கண்கள் ஜொலித்தன. எதிர்ப்பேச்சு கிடைத்துவிட்டது. இரண்டு நாத்திகர்களும் தோராச் சுருளுக்கு இருபக்கம் நின்றுகொண்டு பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் யார் முதலில் பின்வாங்கியது என்று வாதாடினார்கள். யாரோ ஒரு கிழவர், இவர்கள் பேசுவது வேதத்தில் எந்தப் பகுதி என்று கேட்டார். இச்சே வந்துபோனார். யூதலின் வைத்தியம் போயிற்று. இன்னொரு முறை வந்தார். எட்டு மணி நேரம் போயிற்று. நான் கோட்டை விட்டுவிட்டேன், பின்பக்கம் தையல் பிரிந்து என் கையோடு வந்துவிட்டது.

மாடியில் ஹிண்டே இருந்த இடம் கிழக்குச் சுவருக்கு நேர் மேலே. எலியாக்கீம் தந்ததையும் திரும்ப எடுத்ததையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் சல்லடையில் வாயை வைத்து இரண்டு முறை கூப்பிட்டாளாம். கீழே எவருக்கும் கேட்கவில்லை. படியிறங்கி வந்தாள். பெண்கள் ஆண்கள் பக்கம் வருவதில்லை. ஆட்கள் தோளை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். மேடைக்கடியில் நின்று, சந்தையில் தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"சைன்வெல். நீ காலைக் காட்டினப்பவே அவர் எல்லாத்தையும் தர்றேன்னுட்டார். அதுக்கப்புறம் நீ பேசப் பேச ஒவ்வொண்ணா உருவிட்டார். இன்னும் ஆதிமனுஷன் கிட்ட போனேன்னா நாம கட்டியிருக்கிற துணியையும் உருவுவார்."

நோசன் வாயை மூடினார். சைன்வெல் என்னைப் பார்த்தான். பிய்ந்த கோட்டுத் துண்டை நான் தூக்கிக் காட்டினேன். அவன் கையில் வைத்திருந்த ஷூவை அப்போதுதான் பார்த்ததுபோலப் பார்த்துவிட்டு, மேடைப் படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான். என்ன தருவதாகச் சொன்னார் என்று இச்சேயிடம் மெல்லக் கேட்டான். இச்சே சொன்னார். இப்போது என்ன மிச்சம் என்று கேட்டான். எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும், அதுவும் உன்னைத் தவிர என்றார் இச்சே.

கதவோரம் நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்தேன். அவர்கள் சைன்வெலைத் திட்டவில்லை. பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். நாளைக் காலைச் சங்கு அவர்கள் காதில் இப்போதே ஊதத் தொடங்கிவிட்டது.

ஹிண்டே எலியாக்கீம் பக்கம் திரும்பினாள். "முதலாளி, நீங்க குடுத்ததைத் திரும்ப வாங்குறது என்ன? தர்மமா, வியாபாரமா?"

எலியாக்கீம் பெண்களோடு ஜெபக்கூடத்தில் பேசுவதில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைப் பார்த்தே பதில் சொல்லுங்கள் என்றாள். கொல்லென்று சிரிப்பு எழுந்து குரோத்னோ சம்பந்தி விழித்துக்கொண்டார். முடிந்ததா என்று கேட்டார்.

ரபி அதுவரை வாயைத் திறக்கவில்லை. வயதானவர், வயிற்றுப்புண் உள்ளவர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். அவர் எழுந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள்.

"எலியாக்கீம், என் காதாலயே கேட்டேன். தர்மம்னு சொன்னீங்க. ஓய்வுநாள்ல தர்மம் குடுக்கலாம். குடுத்ததை ஒவ்வொண்ணா திரும்பப் பேரம் பேசுறது வியாபாரம். ஓய்வுநாள்ல வியாபாரம் செல்லாது. அதனால முதல்ல சொன்னது நிக்கும், அப்புறம் சொன்னது எதுவும் சொன்னதாகவே இல்ல."

ஜெபக்கூடமே மூச்சு விட்டது. எலியாக்கீம் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்னும் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. ரபி சொன்னால் சரிதான் என்று தலையைத் தாழ்த்தினார். ஆனால் தர்மம் என்றால் வாங்குகிறவன் தர்மம் என்று வாங்க வேண்டும். அந்தப் பையன் அது எங்கள் உரிமை, எங்கள் கூலி என்கிறான். கூலி என்றால் வியாபாரம். வியாபாரம் என்றால் நான் முதலில் சொன்னதும் செல்லாது. நாளைக்குச் சங்கு ஊதட்டும், பேசிக்கொள்வோம் என்றார்.

அதுவும் சரிதான் என்றார் ரபி. எங்கள் ரபியிடம் இந்தக் குணம் உண்டு. பிறகு சைன்வெலைப் பார்த்து, மறித்தவன் நீ, நீதான் சொல்ல வேண்டும், தர்மமாகப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லு, வாசிப்பைத் தொடருவோம் என்றார்.

சைன்வெல் எழுந்து நின்றான்.

அவன் வாழ்க்கையில் தூக்கில் போட்டாலும் சொல்லமாட்டான் என்று எங்களுக்குத் தெரிந்த சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். தர்மம் என்பது திருடியதில் கால் பங்கைத் திருப்பிக் கொடுத்து முதுகில் தட்டச் சொல்வது என்று எத்தனை தடவை காட்டில் பேசியிருக்கிறான். சந்தையில் பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால்கூட, தோழரே, இது தர்மம் இல்லை, ஒருமைப்பாடு என்று சொல்லித்தான் போடுவான். பிச்சைக்காரன் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான்.

"பிச்சை வாங்க மாட்டோம்" என்றான்.

பின்னாலிருந்து எங்கள் ஆள் ஒருவன், யூதலின் மைத்துனன், "நீ வாங்காதே. எங்களுக்கு வாங்கிக் குடு" என்றான்.

ரபிக்குப் பொறுமை போய்விட்டது. பிச்சையும் தர்மம்தான், நியாயமும் தர்மம்தான், ஒரே சொல்தானேடா, நீ எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள், வாயால் சொல்லு, என் வயிறு எரிகிறது என்றார். நான் எதை நினைக்கிறேன் என்பது பிரச்சினை இல்லை, அவர் எதை நினைக்கிறார் என்பதுதான் பிரச்சினை என்றான் சைன்வெல். ரொட்டிக்கடைக்காரர் மூக்கை உயர்த்தி, தச்சர் வீட்டுச் சட்டி கருகிப்போயிற்று என்று அறிவித்தார். தச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடை நோக்கி வரத் தொடங்கினார்.

சைன்வெல் கையை உயர்த்தினான். இதை நான் தனியாக முடிவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, ஓட்டுக்கு விடுகிறேன் என்றான். ஒரு பெருமூச்சு ஜெபக்கூடத்தைச் சுற்றி வந்தது. முன்மொழிந்தவர் யார் என்று கேட்டான். நான் என்றாள் ஹிண்டே. வழிமொழிபவர்? தையல்காரர் நோசன் தூணைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். புந்துவின் சார்பில் இல்லை, தனிப்பட்ட முறையில் என்றார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கும்படி சைன்வெல் கேட்டான். கதவோரம் எங்கள் கைகள் எழுந்தன, வெந்து உரிந்த கைகள். தச்சர் தூக்கினார். அரிசி வியாபாரி தூக்கினான். மேலே சல்லடை வழியாகப் பெண்களின் விரல்கள் நீண்டன. குரோத்னோ சம்பந்தி சுற்றிலும் பார்த்துவிட்டு, ஊர் வழக்கம்போல் இருக்கிறது என்று தானும் தூக்கினார்.

எண்ணச் சொன்னான். மனிதர்களை எண்ணினால் கொள்ளைநோய் வரும் என்பது எங்களிடம் ஐதீகம். ஆகவே ஒன்று இல்லை, இரண்டு இல்லை என்றுதான் எண்ணுவோம். இச்சே விரலை நீட்டாமல், முகவாயால் சுட்டிக்கொண்டே நடந்தார். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல. இப்படி எண்ணினால் தீர்மானம் தோற்றுப்போனதாகக் கணக்கு வருமே என்று நோசன் முறையீடு செய்தார். அவரைத் தச்சர் உட்காரவைத்தார்.

எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது ஒரே ஒரு கை தூக்கப்பட்டது. சைன்வெலின் கை. எலியாக்கீம் நடுநிலை வகித்தார்.

"எதிர்ப்பு ஒண்ணு. நிறைவேறிருச்சு" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு என்று ஆரம்பித்தான். அது வேண்டாம் என்றார் ரபி. கண்ணைத் திறந்தான். யூதலின் மைத்துனனைப் பார்த்தான். சொத்தைப் பல்லை வைத்தியருக்குக் காட்டுகிறவன்போல முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, "தர்மமா வாங்கிக்கிட்டோம்" என்றான்.

இச்சே சுருளின் மேலிருந்து துணியை எடுத்தார். அன்று வாசித்ததைப்போல அத்தனை வேகமாகத் தோராவை எவனும் வாசித்துக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதியது. எல்லாரும் உள்ளே போனோம், சைன்வெலும். பக்கத்து ஊரிலிருந்து வந்த வண்டிகள் வாசலில் நின்றன. அந்த ஆட்களுக்கு ஹிண்டே உப்புமீன் கொடுத்து அனுப்பினாள். எட்டு மணி நேரத்தில் சங்கு மறுபடி ஊதியது. யூதல் வீட்டுக்கு வைத்தியர் போனார். எலியாக்கீம் சொன்ன சொல்லில் நின்றார். சம்பந்தம் வேறு இன்னும் பேசி முடியவில்லை, பேர் கெடக்கூடாதே.

பூட்ஸ் வர நாள் பிடித்தது. வார்சாவில் சொல்லிச் செய்ததாம். மூட்டையை அவிழ்த்துக் குழியோரம் கொட்டினார்கள். கறுப்பு ரப்பர், முழங்கால் வரைக்கும், நல்ல சாமான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஜெபக்கூடத்தில் விளக்குத்தண்டிலும் பெஞ்சிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கொடுத்தவர் பெயர் பொறித்திருப்பதுபோல, ஒவ்வொரு பூட்ஸின் முன்பக்கத்திலும் ரப்பரிலேயே வார்த்திருந்தார்கள்: என் தாயார் சிப்பே அம்மாளின் ஆத்மா சாந்திக்காக, எலியாக்கீம் அளித்த தர்மம்.

மற்றவர்கள் மாட்டிக்கொண்டு இறங்கினோம். முதல் தடவையாகக் கால் உலர்ந்திருந்தது. அந்தச் சுகத்தில் ஒருவன் சிப்பே அம்மாளை வாழ்த்தக்கூடச் செய்தான். சைன்வெல் மட்டும் கரையில் உட்கார்ந்து, சதை வழிக்கும் கத்தியை எடுத்து எழுத்துகளைச் சுரண்ட ஆரம்பித்தான். இடது பூட்ஸில் அம்மாள் பெயர் போயிற்று, முதலாளி பெயர் போயிற்று, தர்மம் என்ற சொல் மட்டும் ஆழமாக வார்த்திருந்தது. விடாமல் சுரண்டினான். கத்தி உள்ளே போய்விட்டது.

நான் வலது பூட்ஸை அவன் கையிலிருந்து பிடுங்கி எடுத்து மறைத்துவைத்தேன்.

வேறு ஜோடி தருவாரா என்று கேட்கச் சொல்லி என்னை அனுப்பினான். கேட்டேன். உரிமையாகக் கேட்கிறானா, தர்மமாகக் கேட்கிறானா என்று எலியாக்கீம் விசாரித்தார். வந்து சொன்னேன். சைன்வெல் காறித் துப்பிவிட்டு இடது பூட்ஸின் ஓட்டையில் சாக்கைத் திணித்து, நான் மறைத்துவைத்த வலது பூட்ஸையும் வாங்கி மாட்டிக்கொண்டு குழியில் இறங்கினான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு ஒரு கால் உலர்ந்தும் ஒரு கால் கொள்கைப்படி நனைந்தும் இருந்தது. சாயங்காலம் ஹிண்டே அந்த நனைந்த காலுக்கு மட்டும் வாத்துக் கொழுப்பைத் தடவிவிடுவாள், தடவும்போது திட்டுவாள், அவன் அவளுக்கு நிலைமையை விளக்கிக்கொண்டிருப்பான்.